மாங்கனிக் கண்காட்சி: வருவோர் இயல்

உயிர்களை அவற்றின் அறிவை எண்ணி ஆறாகப் பிரித்தார் தொல்காப்பியர். உடம்பால் மட்டும் உணர்வது ஓரறிவு. நாக்கு சேர்ந்தால் இரண்டு, மூக்கு சேர்ந்தால் மூன்று, கண்ணோடு நான்கு, காதோடு ஐந்து, மனத்தோடு ஆறு. மரபியலில் வரும் இந்தப் பகுப்பைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டவர்கள் நம்மில் ஏராளம். பின்னால் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டுப் பெரியவர் 1753-இல் மாமரத்துக்கு மாஞ்சிஃபெரா இண்டிகா என்று பெயர் சூட்டி, உலகத்து மரஞ்செடிகளோடு வரிசையில் நிறுத்தினார். இத்தனை பெரியவர்கள் இருந்தும், மாம்பழம் பார்க்க வரும் கூட்டத்தை வகுத்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வியல் எழுந்தது. இயற்றியவரின் தகுதி யாதோ எனின், பித்து. சித்திரை பிறந்து ஆடி கழியும் வரை வேறு பழத்தை ஏறெடுத்தும் பார்க்காதவர். ஆகவே நடுநிலைமையை இந்நூலில் எதிர்பார்க்க வேண்டாம்.

களம் கிருஷ்ணகிரி. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி. தமிழ்நாட்டில் மா மிகுதியாக விளையும் மாவட்டம் அது. காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி என்று எந்தப் பக்கம் பேருந்து திரும்பினாலும் தோப்பு. சந்தூர்ப் பக்கம் போனால் வழியெல்லாம் ஒட்டுக்கன்று வியாபாரம். விளைச்சல் எங்களுடையது, பெயர் மட்டும் சேலத்துக்கா என்பது இவ்வூராரின் நெடுநாள் வழக்கு. வழக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. 1965 வரை இந்த வட்டாரம் முழுக்கச் சேலம் மாவட்டம். அப்புறம் தருமபுரி. 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனிக்குடித்தனம் வந்தது. மாவட்டம் பிரிந்தபோது கோப்புகளும் ஜீப்புகளும் பிரிந்து வந்தன. பழத்தின் பெயர் மட்டும் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. சேலத்து வரகம்பாடிக்காரர்கள் இதற்கு மறுப்பு நூல் எழுதினால் மகிழ்ச்சி. கூடவே ஒரு கூடை பழம் அனுப்பினால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளத் தடையில்லை.

கண்காட்சி நடப்பது பெரும்பாலும் ஆனி வாக்கில். கவனிக்க வேண்டிய செய்தி இது. அதற்குள் செந்தூரா ஓய்ந்திருக்கும், அல்போன்சா கடைசி மூச்சில் இருக்கும். நீலமும் பெங்களூராவும் மல்கோவாவும்தான் களத்தில் நிற்கும். மைதானத்தில் பந்தல், அரசுத் துறைகளின் அரங்குகள், ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, வளையல் கடை. இவற்றின் நடுவே மாங்கனி அரங்கு. நீள மேசை, வெள்ளைத் துணி, தட்டுத் தட்டாகப் பழம், தட்டுக்கு ஒரு பெயர்ச்சீட்டு. மேசைக்கும் மனிதருக்கும் இடையில் ஒரு கயிறு. கயிற்றில் தொங்கும் அட்டை: ‘பழங்களைத் தொடாதீர்கள்’.

இந்த இயலே அந்தக் கயிற்றைப் பற்றியதுதான். ஐம்புலன்களில் நான்கை வாசலில் நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் அது உள்ளே விடுகிறது. அந்த ஒன்று கண். மாம்பழ வழக்கில் ஐந்து சாட்சிகளிலும் நம்பத் தகாத சாட்சி அதுவே என்பது இந்நூலாசிரியரின் துணிபு.

இனி வகைகள்.

ஓரறிவினர் தொடுவோர். தொல்காப்பியர் பகுப்பில் புல்லோடு மரமும் ஓரறிவுதான். எனவே மாமரத்துக்கு மிக நெருங்கிய உறவினர் இவர்கள் என்று கொள்க. கயிற்றுக்கு மேலே கை நீட்டிக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அவ்வளவுதான் இவர்களுடைய ஆராய்ச்சி. காவலுக்கு நிற்கும் தோட்டக்கலைத் துறை ஊழியர் “சார், சார்” என்பதற்குள் விரல் வெளியே வந்துவிடும். மாலைக்குள் அந்த இடம் கறுத்து, முதல் பரிசுக்குரிய பழம் மூன்றாம் பரிசுக்கு இறங்கியிருக்கும். அழுத்துவதிலும் இவர்களுக்கு முறை தெரியாது. பழம் கனிந்ததா என்று காம்படியில் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். இவர்கள் வயிற்றில் குத்துகிறார்கள்.

தொடுவோருள்ளும் மேலோர் சிலர் உண்டு. அவர்கள் பழத்தை அமுக்க மாட்டார்கள், கையில் ஏந்தி எடை பார்ப்பார்கள். முற்றிய காய்க்குத் தோள் திரண்டு, காம்பு ஒட்டும் இடம் குழிந்திருக்கும். வாளி நீரில் போட்டால் முற்றியது அடியில் போய் உட்காரும். பிஞ்சில் பறித்தது மிதக்கும். முற்றிய காயின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே கூடுதல் என்பதே காரணம். தோப்புக்காரர்கள் செய்யும் இந்தச் சோதனையைக் கண்காட்சி அரங்கில் யாரும் வைப்பதில்லை. மேசையடியில் ஒரு வாளி வைத்தால் பாதித் தட்டுகளின் மானம் மிதந்துவிடும் என்ற அச்சமோ என்னவோ.

இரண்டறிவினர் தின்போர். இவர்கள் ‘மாங்கனிக் கண்காட்சி’ என்பதில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வந்தவர்கள். அரங்கில் தின்ன ஒன்றும் கிடையாது என்று தெரிந்ததும் வெளியே மாங்காய்ப் பத்தையும் மிளகாய்ப்பொடியும் விற்கும் வண்டியடியில் கூடுகிறார்கள். உள்வகை மூன்று. நறுக்குவோர், சப்புவோர், கொட்டைக்குரியோர்.

நறுக்குவோருக்குப் பங்கனப்பள்ளி. நாரில்லை, கத்தி வழுக்கிக்கொண்டு போகும், தட்டில் வைத்தால் விருந்தினருக்கு மரியாதை. சப்புவோருக்குப் பீத்தர். உருட்டி உருட்டி உள்ளே சாறாக்கி, நுனியில் ஒரு துளை போட்டு, சட்டையை மறந்துவிட்டு உண்பது. இவ்விரு சாராரும் ஒருவரை ஒருவர் மதிப்பதில்லை. நறுக்குபவர் சப்புபவரைக் காட்டான் என்பார்; சப்புபவர் நறுக்குபவரை மாம்பழம் தின்னத் தெரியாத ஆபீசர் என்பார். இந்நூலாசிரியர் பகலில் நறுக்குபவர், இரவில் மற்றது.

மூன்றாவது வகை தனியே ஒரு நூலுக்குரியது. வீட்டில் பழம் நறுக்கும்போது கொட்டை யாருக்கு என்ற கேள்வி எழும். சட்டம் எங்கும் எழுதப்படவில்லை, ஆயினும் மீறப்படுவதில்லை. நறுக்குகிறவருக்கே கொட்டை என்பது ஒரு கட்சி, கடைக்குட்டிக்கு என்பது இன்னொரு கட்சி. தாய்மார்கள் பலர் தமக்குக் கொட்டைதான் பிடிக்கும் என்று ஆண்டாண்டு காலமாகச் சொல்லிவருகிறார்கள். கதுப்பு முழுவதும் தட்டுகளுக்குப் போனபின் மிஞ்சுவது அது ஒன்றுதான் என்பதை அந்த விருப்பத்தோடு சேர்த்துப் பார்த்த ஆய்வாளர் எவரும் இல்லை.

தின்போர்க்கு ஓர் எச்சரிக்கை. முந்திரியும் சேங்கொட்டையும் மாவுக்குப் பங்காளிகள். தோலைப் புண்ணாக்கும் குணம் அந்தக் குடும்பத்துச் சொத்து. மாவின் பங்கு காம்புப் பாலில் இருக்கிறது. பறித்தவுடன் வடியவிட்டு, தின்னுமுன் நீரில் ஊறப்போட்டுக் கழுவச் சொன்ன பாட்டிமார் வேதியியல் படித்தவர்கள் அல்லர், உதடு வெந்தவர்கள்.

மூவறிவினர் முகர்வோர். தொல்காப்பியர் இந்த வரிசையில் வைத்தது எறும்பையும் கறையானையும். மாம்பழ ஞானத்தில் எறும்புக்கு மேல் போனவர் உலகில் இல்லை என்பதால் இந்த வைப்பு முறையை வியக்காமல் இருக்க முடியவில்லை. மூடிய அலமாரியில், அரிசிப் பானைக்குள், வைக்கோலுக்கு அடியில் எங்கே வைத்தாலும் எந்தப் பழம் எப்போது பதம் என்று எறும்புக்குத் தெரியும்.

முகர்வோரைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். இரு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடுப்பை மட்டும் வளைத்து, மூக்கைக் கயிறு தாண்டி அனுப்புவார்கள். அட்டை தொடாதீர்கள் என்றுதான் சொல்கிறது. முகராதீர்கள் என்று சொல்லவில்லை. காவல் ஊழியரால் ஒன்றும் செய்ய முடியாது. இவர்கள் தேடுவது காம்படி. வாசம் முதலில் வருவது அங்கேதான். பெயர்ச்சீட்டைப் படிக்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டே இது பீத்தர், இது நீலம், இது இமாம்பசந்த் என்று அடுக்குவார்கள். வேதியியலாரும் இவர்கள் கட்சிதான். கொங்கணத்து அல்போன்சாவின் மணத்துக்கு ஓசிமீன் என்ற பொருள் முதற்காரணம். கனியக் கனிய லேக்டோன்களும் ஃபியூரனோன்களும் வந்து சேர்கின்றன. சில வகைகளில் கேரீன் என்பது மிகுந்து, பெயின்ட் கடை வாசலில் நிற்பது போன்ற டர்பன்டைன் வாடை அடிக்கும். இந்த டர்பன்டைனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. சற்று நேரத்தில் வேறு வேடத்தில் வரும்.

மூக்கை ஏமாற்றுவது கடினம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தவர்கள் இதை அறிவார்கள். கல் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவைக் கக்கும். பழம் தானாகக் கனியும்போது சுரக்கும் எத்திலீன் போலவே அது நடிக்கும். தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே காய் காயாகவே இருக்கும், காம்படியில் வாசம் வராது. கல் வைப்பது சட்டப்படி குற்றம். முற்றிய காயை அறையில் அடுக்கி எத்திலீன் வாயு காட்டிப் பழுக்க வைக்க 100 பி.பி.எம். அளவு வரை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. இரண்டு பழத்தையும் அருகருகே வைத்துக் கண்ணிடம் கேட்டால், கல் வைத்ததைத்தான் அது எடுக்கும். சீரான மஞ்சளாயிற்றே.

கண்காட்சிக்குப் போக விரும்புவோர்க்கு முகர்வோர் தரும் அறிவுரை ஒன்று உண்டு, இந்நூலாசிரியரும் வழிமொழிகிறார்: திறப்பு விழா நாளில் போகாதீர்கள். தட்டுப் பழங்கள் அன்று விறைப்பாக, மணமின்றி, அமைச்சரை எதிர்பார்த்து நிற்கும். இரண்டொரு நாள் கழியட்டும். தோல் சுருங்கும், அழகு போகும். பந்தலுக்குள் நுழையும்போதே கயிறு பயனற்றுப் போனது தெரியும்.

நான்கறிவினர் காண்போர். எண்ணிக்கையில் பெரிய வகுப்பு. கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி மேசை நீளத்துக்கும் நடந்து, மறுமுனையில் வெளியேறுவார்கள். இவர்கள் நிற்குமிடம் இரண்டே. மிகப் பெரிய பழம். மிகச் சிவந்த பழம். இமாம்பசந்த் தட்டை இவர்கள் கடந்துபோகும் வேகம் மனத்தை வருத்தும். முழுக்கக் கனிந்தாலும் பச்சை மாறாத பழம் அது. ‘இன்னும் காயாக இருக்கிறது’ என்று குழந்தைக்கு விளக்கிக்கொண்டே போவார்கள். செந்தூராவோ காயிலேயே தோள் சிவப்பு. அதைப் பழம் என்பார்கள். சிவப்புக்கும் இனிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வகையின் குணத்தாலும் வெயில் பட்ட பக்கத்தில் தோலில் சேரும் நிறமியாலும் வருவது அது.

இதனால் என்ன கேடு, பார்த்துவிட்டுப் போகட்டுமே என்பார்க்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டியிருக்கிறது.

1889-இல் அமெரிக்க வேளாண் துறை மல்கோவா என்ற பெயரில் இந்தியாவிலிருந்து ஒட்டுக்கன்றுகளைத் தருவித்து ஃப்ளோரிடாவுக்கு அனுப்பியது. குளிரில் பல செத்தன. தப்பிய மரம் காய்த்தபோது அந்நாட்டார் மாம்பழம் என்றால் என்னவென்று முதன்முதலாக உணர்ந்தார்கள். அதற்குமுன் அவர்களிடம் இருந்தது நார் மிகுந்த, வாடை அடிக்கும் ஒரு நாட்டு வகை. அதன் பெயரே டர்பன்டைன். ஹேடன் என்ற ஓய்வுபெற்ற படைத்தலைவர் 1902-இல் மல்கோவாக் கொட்டைகளைத் தம் தோட்டத்தில் ஊன்றினார். பழம் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் மனைவி வளர்த்த அந்தக் கன்றுகளில் ஒன்று 1910-இல் காய்த்தது. மஞ்சள் உடம்பில் செக்கச் செவேலென்ற கன்னம். ஊரே கூடிப் பார்த்தது. ஹேடன் என்றே பெயராயிற்று. தாய் மல்கோவா, தந்தை யார் என்பது பின்னாளில் மரபணுச் சோதனையில் வெளிவந்தது: அதே டர்பன்டைன்.

ஹேடன் நல்ல பழம், குறை சொல்வதற்கில்லை. அதன் கொட்டையிலிருந்து ஃப்ளோரிடாவில் இன்னொரு மரம் முளைத்தது. பெயர் டாமி அட்கின்ஸ். பெயர் வழியே உறவு பார்த்தால் நம் மல்கோவாவுக்குப் பேரன். 1950-களில் இதை ஃப்ளோரிடா மாம்பழ மன்றத்தின் வகைத் தேர்வுக் குழுவின் முன் வைத்தார்கள். குழுவினர் தின்று பார்த்தார்கள். நார் அதிகம், சுவையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டார்கள். மரத்தின் உடைமையாளர் அசரவில்லை. விவசாயிகளிடம் நேரே போனார். தோல் தடிமன், நோய் தாங்கும், கப்பலில் வாரக்கணக்கில் கெடாது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்பு. உலகத்து ஏற்றுமதிச் சந்தையில் மிகப் பரவலான மாம்பழமாக அது ஆனது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல கடைகளில் மாம்பழம் என்றாலே இன்னும் அதுதான். நாக்கு தோற்கடித்ததைக் கண் வெற்றிபெற வைத்தது. கிருஷ்ணகிரிக் கயிற்றின் மறுபக்கத்தில் கைபேசியோடு நிற்பவர், தம்மையறியாமல் அதே தேர்தலில் வாக்களித்துக்கொண்டிருக்கிறார்.

ஐயறிவினர் கேட்போர். பலாப்பழத்தைத் தட்டிப் பழகியவர்கள் மாம்பழத்தையும் தட்டி, காதில் வைத்து, தலையாட்டுவார்கள். என்ன கேட்டது என்று நாம் கேட்கக்கூடாது. உள்ளே வண்டு இருந்தால் சத்தம் வரும் என்பதும் இவர்கள் கொள்கை. மாங்கொட்டை வண்டு பிஞ்சின் தோலில் முட்டையிடும், புழு கொட்டைக்குள் போய்விடும், போன வழி வெளியே தழும்பின்றி ஆறிவிடும். வெட்டும்போதுதான் வண்டு எழுந்து வணக்கம் சொல்லும். அமெரிக்கா அஞ்சிய பூச்சிகளில் இதுவும் ஒன்று. 18 ஆண்டு நம் பழத்தைத் தடுத்து வைத்திருந்து, 2007-இல் கதிர்வீச்சுக் காட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். காது வைத்துக் கேட்கும் நம்மவர் முறையை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கேட்போரில் இன்னொரு சாரார் பெயர் சேர்ப்போர். பழம் பார்க்க மாட்டார்கள், சீட்டைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பெங்களூரா, கிளிமூக்கு, கல்லாமை, தோத்தாபுரி என்று நான்கு எழுதி, நான்கு வகை பார்த்ததாக ஊரில் சொல்வார்கள். நான்கும் ஒரே பழம். மலிஹாபாத்தில் ஹாஜி கலீமுல்லா கான் ஒரே மரத்தில் 300-க்கு மேற்பட்ட வகைகளை ஒட்டுக்கட்டி, சச்சின் என்றும் ஐஸ்வர்யா என்றும் பெயரிட்டு, 2008-இல் பத்மஸ்ரீ வாங்கியது இவர்களுக்கு வேத வாக்கு. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் நான்கு கிளையில் நான்கு சுவை என்ற ஐதிகம் அதற்கும் மூத்தது என்று உடனே எடுத்து விடுவார்கள். அதைக் கேட்கத்தான் பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்.

ஆறறிவினர் நினைப்போர். வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் உரக்கடை ரசீது. தோப்புக்காரர்கள். மற்ற ஐந்து வகுப்பாரும் பழத்தைப் பார்க்கும்போது இவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள். மல்கோவா முன் எல்லோரும் நின்றால் இவர் நிற்பதில்லை. காய்ப்பு குறைவு என்று அவருக்குத் தெரியும். ஒரு வருஷம் காய்த்து மறு வருஷம் ஓய்வெடுக்கும் மரங்களை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறிக்க முடியாது. பெங்களூரா முன் நின்று பெருமூச்சு விடுவார். வருஷம் தவறாமல் காய்க்கும், ஆனால் வாங்குவது கூழ் ஆலைகள். கிலோ விலையை அவர்கள் சொல்லும்வரை தோப்பு முழுக்கப் பழம் தொங்கினாலும் பெட்டியில் ஒன்றுமில்லை.

இவர் நிதானமாக நிற்பது நீலத்தின் முன். சின்னப் பழம், ஆரவாரமில்லாத மஞ்சள், வண்டுக்கு விருப்பமானது. காண்போர் யாரும் அதைப் படமெடுக்கவில்லை. ஆயினும் ஆண்டு தவறாமல் காய்க்கும் அந்தக் குணத்துக்காகவே ஆராய்ச்சி நிலையங்கள் தேடிப் போய்ச் சம்பந்தம் பேசியது நீலத்தோடுதான். தசேரியோடு சேர்த்து டெல்லியில் வெளியிட்ட மல்லிகாவும் ஆம்ரபாலியும், அல்போன்சாவோடு சேர்த்துக் கொங்கணத்தில் உருவான ரத்னாவும், பெரியகுளத்தில் வந்த பி.கே.எம். 1, பி.கே.எம். 2 இரண்டும் அதன் பிள்ளைகள். டாமி அட்கின்ஸ் போலப் புகழ் இல்லை, குடும்பம் பெரிது.

அப்படிப்பட்ட ஒருவர் முதல் பரிசுத் தட்டின் முன் நின்று ஊழியரிடம் கேட்டது: “ஏங்க, இதே மாதிரி அந்த மரத்துல எத்தனை காய்ச்சுது?”

“அதெல்லாம் எழுதலைங்க. தட்டுல அஞ்சு வெச்சாங்க, அஞ்சும் நல்லா இருந்துச்சு.”

“அஞ்சு எங்க தோப்புலயும் தேறும்” என்றபடி நகர்ந்தார்.

இந்நூலாசிரியர் அவரைச் சற்றுத் தள்ளிப் பின்தொடர்ந்தார். ஆறாம் வகுப்பார் என்ன வாங்குகிறார்கள் என்று அறியாமல் இயல் முற்றுப்பெறாதன்றோ. வாசலில் ஒரு தள்ளுவண்டி. ஒருபுறம் நீலம், மறுபுறம் எலுமிச்சை நிறத்தில் ஒரே சீராகப் பளபளக்கும் பங்கனப்பள்ளி. அவர் முகர்ந்தும் பார்க்கவில்லை. பங்கனப்பள்ளியில் இரண்டு கிலோ போடச் சொன்னார். நீலத் தோப்பு வைத்திருப்பவர் இதை வாங்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

“பேத்திக்குங்க. மஞ்சளா இருந்தாதான் மாம்பழம்னு ஒத்துக்குவா” என்று சொல்லிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டார்.